அர்த்தநாரி பார்க்காத பக்கம்

புதுக் கார் வந்த முதல் வாரத்திலேயே அதற்கும் அர்த்தநாரிக்கும் ஒத்துப்போகவில்லை. கார் அவருடையது அல்ல, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருக்கும் தீபிகாவுடையது. தீபிகா நாமக்கல் பக்கத்தில் கோழித்தீவன ஆலை நடத்துகிறவர். தினமும் காலையில் அவரை ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, சாயங்காலம் வீட்டில் இறக்கிவிடுவது அர்த்தநாரியின் வேலை. அதற்கு முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டினார். நாக்பூர், இந்தூர், கான்பூர் என்று அவர் போகாத ஊர் கிடையாது. எந்த வண்டியிலும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்பதைக் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். ஸ்டீயரிங் பிடிப்பதைத் தவிர வேறு பிழைப்பு அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷனைப் பார்த்து ஒரு கார் கத்தினால் எப்படி இருக்கும்? பெல்ட் போடாவிட்டால் கத்தியது. எண்பதைத் தாண்டினால் கத்தியது. இந்த இரண்டும் சட்டம் போட்டு வைத்த சத்தம், எந்தப் புதுக் கார் வாங்கினாலும் கூடவே வரும். அதோடு விட்டிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருப்பார். இந்தக் காரிலோ முன்கண்ணாடிக்கு உள்பக்கம், மேலே நடுவில், ஒரு கேமராவும் இருந்தது. எதிரில் ஆளோ வண்டியோ குறுக்கே வருவது தெரிந்தால் முதலில் கத்தும். கத்தியும் கேட்காவிட்டால் தானே பிரேக் போடும்.

"பிரேக்க எம்பட காலு போடோணுமா, அது போடோணுமா?" என்று அஸ்தம்பட்டி டீக்கடையில் நின்று பொரிந்து தள்ளினார். "நாளைக்கு, நீ எறங்கி நடந்து வாடான்னு சொல்லும்போல இருக்குது."

டாக்ஸி ஓட்டும் பூபதி அவருக்கு ஒரு வழி சொன்னார். பெல்ட்டின் நுனியில் இருக்கும் நாக்கு மட்டும் தனியாக விற்கிறது, அதைச் செருகி வைத்தால் பெல்ட் போட்டதாக நினைத்துக் கார் வாயை மூடிக்கொள்ளும். அர்த்தநாரி மறுநாளே வாங்கிச் செருகினார். தான் சாவதும் பிழைப்பதும் தன் இஷ்டம் என்பது அவர் கட்சி. கேட்டுக்கொண்டிருந்த நாலு டிரைவர்களும் ஆமாம் போட்டார்கள். பாதி நியாயம் அதில் இருக்கத்தான் செய்தது.

ஆனால் கேமராவை ஒன்றும் செய்ய முடியவில்லை. அணைத்து வைக்க வழி இருந்தது, தீபிகா விடவில்லை. "அண்ணா, மத்தது எப்படியோ போகட்டும், அதை மட்டும் ஆஃப் பண்ணிராதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கேமரா கத்துவதில்கூட அவருக்கு அவ்வளவு கோபம் இல்லை. அது ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தியதுதான் ஆத்திரமூட்டியது. ரோடு காலியாக இருக்கும், ஈ காக்கை இருக்காது, திடீரென்று கீச்கீச்சென்று கத்தி, காரையும் ஒரு உலுக்கு உலுக்கும். பின்சீட்டில் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் தீபிகா நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அர்த்தநாரி மூன்று முறை சர்வீஸுக்குக் கொண்டுபோனார். மூன்று முறையும் ஒரே பதில்தான்.

"வண்டில கோளாறே இல்லீங்க."

"அப்ப எனக்கா கோளாறு?" என்றார் அர்த்தநாரி. சர்வீஸ்காரர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார்.

ஆயுத பூஜை வந்தது. அர்த்தநாரியின் மனைவி சாலம்மாள் ஃபேர்லேண்ட்ஸுக்கே வந்து, காருக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முன்கண்ணாடியின் மேலே நடுவில் கெட்டியாகச் சந்தனம் அப்பி அதன்மேல் குங்குமமும் வைத்தார். சரியாகக் கேமராவின் முகத்துக்கு நேராக. வேண்டுமென்று செய்யவில்லை, பொட்டு வேறெங்கே வைப்பார்கள்?

மறுநாள் கார் கத்தவே இல்லை. கேமராவைத் துடைக்கச் சொல்லித் திரையில் மட்டும் எழுத்து வந்தது. தீபிகா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பூசைப் பொட்டுங்க சாமி. நாமளாத் தொடைக்கக் கூடாதுங்க. தானாப் போகோணும்" என்றார் அர்த்தநாரி.

தீபிகாவும் அந்த ஊர்ப் பெண்தான். அப்படியே விட்டுவிட்டார். அர்த்தநாரிக்கு வந்த பக்தியைச் சொல்லி முடியாது. காரைக் கழுவும்போது பொட்டில் ஒரு சொட்டு நீர் படாமல் பார்த்துக்கொண்டார். வைப்பரைத் தொடவே இல்லை. அவருடைய அதிர்ஷ்டம், மழையும் தள்ளிப்போனது. திருச்செங்கோட்டு மலையில் இருக்கிறவரின் பெயரைத் தாங்கியவர் அல்லவா, சாமியே இறங்கி வந்து காரின் வாயை அடைத்துவிட்டதாக டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு வண்டி தன் கைக்கு வந்துவிட்டதாக உணர்ந்தார். அந்த நாட்களில் அவர் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார்.

ஒரு நாள் தீபிகாவை ஆலையில் இறக்கிவிட்டுவிட்டு, சேலத்தில் ஏதோ சாமான் வாங்கிவர ஒற்றை ஆளாகத் திரும்பிக்கொண்டிருந்தார். நல்ல வெயில். புதுச்சத்திரத்தில் டீ குடிக்கலாம் என்று பெரிய ரோட்டிலிருந்து இடது பக்கம் மெதுவாக இறங்கினார். ரோடு காலியாக இருந்தது. அப்படித்தான் அவர் சாகும்வரை சத்தியம் செய்வார். அடுத்த நொடி டமாலென்று ஒரு சத்தம். இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு மொபெட் சாய்ந்து கிடக்கிறது, பால்கேன் உருண்டு ரோடெல்லாம் பால், நடுவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். பெயர் மயிலம்மாள் என்பது பிறகு தெரிந்தது.

"ஏனுங்க, கண்ணு தெரியுதா இல்லையா? அத்தாந் தூரத்துல இருந்தே ஆரன் அடிச்சிட்டு வாரேன். என்னையப் பாத்துக்கிட்டே வந்து உடறீங்களே!"

"எங்கிருந்து வந்தீங்கம்மா? ரோட்டுல ஆளே இல்லீங்களே!"

டீக்கடைச் சின்னுசாமி வெளியே வந்தார். அர்த்தநாரி அங்கே வாடிக்கை. சின்னுசாமிக்கு அவர்மேல் எந்த விரோதமும் கிடையாது. "ஆளே இல்லீங்களா? அந்தம்மா பாலந் தாண்டறப்பவே நான் பாத்தனுங்க. நீங்களும் பாத்துட்டு நின்னுருவீங்கன்னுதான் நெனச்சேன்" என்றார். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் அதையே சொன்னார்கள். வைவதற்காகச் சொல்லவில்லை, புரியாமல் சொன்னார்கள். அத்தனை பேருக்குத் தெரிந்த ஒரு மனுஷி தனக்கு மட்டும் தெரியவில்லை என்பது அர்த்தநாரிக்கு அப்போதுதான் உறைத்தது.

நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மருந்து போட்டு, பாலுக்கும் வழி செய்து, மயிலம்மாளை வீட்டில் கொண்டுபோய் விட்டார். "போங்க, இனிமேலாச்சும் பாத்து ஓட்டுங்க" என்று மயிலம்மாள் போலீஸ் பேச்சே எடுக்காமல் விட்டுவிட்டார்.

அன்று தீபிகாவை இறக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்த அர்த்தநாரி, வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் இருந்த குழாயையே பார்த்துக்கொண்டு, "சாலா, அந்த செவப்புக் கொடத்த எடுத்துக்கிட்டு எனக்கு எடப்பக்கமா மெல்ல நடந்து வா. கண்ணுல பட்டதும் சொல்றேன்" என்றார்.

சாலம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் நடந்தார்.

"ம், வா" என்றார் அர்த்தநாரி. கொஞ்ச நேரம் கழித்து, "வாயேன், எங்க நிக்கற?" என்றார்.

"இங்கதானுங்க நிக்கறேன்."

"எங்க?"

பதிலுக்கு அவருடைய இடது தோளில் ஒரு கை விழுந்தது. அவர் கண்ணுக்குக் குழாய் தெரிந்தது, செங்கல் தெரிந்தது, சுவர் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை முழுசாகத் தெரிந்தது. எங்கேயும் இருட்டு இல்லை, ஓட்டை இல்லை. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில், சிவப்புக் குடமும் பச்சைச் சேலையுமாக நின்ற சாலம்மாள் அந்தச் சுவருக்கு முன்னால் இல்லை.

அஸ்தம்பட்டியில் கண் டாக்டர் ஒரு பெரிய கிண்ணம்போன்ற கருவிக்குள் அவரைப் பார்க்க வைத்துச் சோதித்தார். கண்ணில் அழுத்தம் ஏறி வருஷக்கணக்கில் நரம்பைத் தின்றிருக்கிறது. இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது, வலது கண்ணிலும் மூக்கோரம், அதாவது இடது பக்கப் பார்வை, மங்கிவிட்டது. போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டுமருந்தால் காப்பாற்றலாம், வண்டி ஓட்டுவதை விட்டுவிடுங்கள் என்றார்.

"கறுப்பாவாச்சும் தெரிஞ்சிருக்கோணுமல்லங்க? எனக்கு எல்லாம் நல்லாத்தானுங்க தெரியுது."

"தெரியற மாதிரி இருக்கும். கண்ணு பாக்காத எடத்த மூளையே நெரப்பிக்கும். பக்கத்துல ரோடு இருந்தா அங்கயும் ரோடு, பக்கத்துல மரம் இருந்தா அங்கயும் மரம்."

அர்த்தநாரிக்குப் பயம் அப்புறம்தான் வந்தது; முதலில் வந்தது வியப்பு. எவ்வளவு பெரிய ஏமாற்று வேலை! அதுவும் தன் தலைக்குள்ளேயே! எத்தனை நாளாகத் தன் மண்டை போட்டுக் கொடுத்த ரோட்டில் வண்டி ஓட்டியிருக்கிறோம் என்று நினைத்து நினைத்து மாய்ந்துபோனார். கார் கத்திய இடங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மல்லூர் தாண்டி ஒரு முறை, ஆண்டகளூர்கேட்டில் ஒரு முறை, ஆலை வாசலிலேயே ஒரு முறை. அங்கெல்லாம் யாரோ இருந்திருக்கிறார்கள். கையில் பையோடு, இடுப்பில் பிள்ளையோடு, யாரோ. அவர்கள் யாரென்றே தெரியாமல் அவர்களைத் தாண்டி வந்திருக்கிறார். உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு கண்ணாடிக் கண், அவர் திட்டத் திட்ட, அத்தனை பேரையும் அவருக்குக் காட்டப் பார்த்திருக்கிறது. சாமி கும்பிடும்போதுகூட வராத ஒரு நடுக்கம் அவருக்கு அப்போது வந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஃபேர்லேண்ட்ஸுக்குப் போய் ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தார். அதில் அவருக்குத் தயக்கமே இருக்கவில்லை.

தயக்கமெல்லாம் வேறு விஷயத்தில்தான். டாக்டர் யாருக்கும் சொல்லப்போவதில்லை. மயிலம்மாள் புகார் கொடுக்கவில்லை. லைசென்ஸ் கையில் இருக்கிறது. தீபிகாவுக்கு ஒன்றும் தெரியாது. எந்தச் சட்டமும் அவரைத் தேடி வரவில்லை, விடுவதும் ஓட்டுவதும் முழுக்க அவர் இஷ்டம். இதைத்தானே இத்தனை நாள் கேட்டுச் சண்டை போட்டார்! இரண்டு நாள் உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டிலேயே உட்கார்ந்து இதையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"கேமராதான் கத்துதே சாலா. இனிமே அது சொன்னாக் கேட்டுக்கிட்டாப் போச்சு. மெதுவா ஓட்டறேன்."

சாலம்மாள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "அது கத்தும், சரீங்க. அன்னைக்கு அந்தம்மாவுந்தான் ஆரன் அடிச்சிருக்குது. உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

கேட்டிருந்தது. கேட்டும், ஆளில்லாத ரோட்டில் யாருக்கோ யாரோ அடிக்கிறார்கள் என்று விட்டிருந்தார்.

அடுத்த நாள் காலையில் தீபிகா பையோடு வெளியே வந்தபோது, அர்த்தநாரி காரின் இடது பக்கக் கதவருகே நின்றுகொண்டிருந்தார். சாவியை நீட்டினார். சொல்ல வேண்டியதை ஒளிக்காமல் சொன்னார். தீபிகா சாவியை வாங்கிக்கொண்டு டிரைவர் பக்கம் சுற்றி வந்தார். பிறகு, "ஏறுங்கண்ணா, நான் ஓட்டறேன். ஆலையில போய்ப் பேசிக்கலாம்" என்றார். ஆலையில் தனக்கு என்ன வேலை இருக்கும், இருக்குமா இல்லையா என்பது அர்த்தநாரிக்குத் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்து பெல்ட்டை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தீபிகா நிதானமாக ஓட்டினார். சீலநாயக்கன்பட்டி தாண்டியதும் கார் கத்தியது, தீபிகா வேகத்தைக் குறைத்தார்.

"யாருங்க சாமி?"

"ஒருத்தர் சைக்கிள்ல வந்தாருங்கண்ணா. ஓரமாப் போயிட்டாரு."

அர்த்தநாரி முகத்தை முழுசாக இடது பக்கம் திருப்பினார். சைக்கிள் இருந்தது. அதற்குப் பின்னால் புல்லுக்கட்டோடு இரண்டு பெண்கள் இருந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம் இருந்தது, வாழைத்தாரை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள், ஆடுகள் இருந்தன. எல்லாம் பளிச்சென்று, ரோட்டை ஒட்டி, கை நீட்டினால் தொடும் தூரத்தில். நாமக்கல் வரும்வரை அவர் முகத்தை அந்தப் பக்கத்திலிருந்து எடுக்கவில்லை. கண்ணில் நீர் வழிந்ததையும் துடைக்கவில்லை.

ஆலை வாசலில் வண்டி நின்ற பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க சாமி, தெனமுமே இத்தன பேரு இருந்தாங்களா?"