புஷ்பவள்ளி சேர்த்து வைத்த லீவு

புஷ்பவள்ளியைக் கேட்டால், கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் வேலை என்றுதான் சொல்லுவாள். மலேசியாவின் கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை வந்து, தொழிலாளிகள் குடியிருந்த லயத்தை இடித்த பிறகு கிடைத்த வேலை அது. துடைப்பது அரசாங்கத்தின் தரையை. சம்பளம் கொடுப்பது குத்தகை எடுத்த கம்பெனி. அரசும் தனியாரும் கைகோத்துச் செய்யும் சேவை என்று வாசலில் பெரிதாக எழுதிப் போட்டிருந்தார்கள். கோத்த கைகளுக்குள் நசுங்குவது யார் என்று எழுதவில்லை.

கம்பெனி மாறும்போதெல்லாம் சட்டையின் நிறம் மாறும். வாளி அதே வாளி, வார்டு அதே வார்டு. புஷ்பவள்ளி மட்டும் புது ஆளாகிவிடுவாள்.

போன வருடம் அவள் கணவர் செல்லையாவுக்கு ஈரலில் புற்றுநோய். இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டுக்காரி நான் ஒருத்திதான் துணை.

"இப்பவே லீவு போட்டு அவரு கூட இரேன் வள்ளி" என்றேன்.

"இப்ப எடுத்துட்டா கடைசி நேரத்துல என்ன பண்ணுவேன் அமரா? எல்லாத்தையும் சேத்து வெச்சிருக்கேன். கடைசிப் பாலை என் கையாலதான் ஊத்தணும்."

காய்ச்சல் வந்தபோதுகூட லீவு எடுக்காமல் போனாள். செல்லையா அண்ணன் படுத்த படுக்கையான வாரத்தில் குத்தகை கைமாறியது. சேர்த்து வைத்த லீவெல்லாம் பழைய கம்பெனியோடு போய்விட்டது.

"புது ஆளுக்கு மூணு மாசம் லீவு கிடையாது ஆன்ட்டி. வரலைன்னா பேரை எடுத்துருவாங்க. நான் என்ன செய்றது லா?" என்றானாம் சூப்பர்வைசர் தீபன்.

"இருவது வருஷமா இதே தரையத்தான் தொடைக்கிறேன். நான் எப்படி தம்பி புது ஆளு?"

வேலை போனால் வீட்டு வாடகைக்கு எங்கே போவாள்? வேலைக்குப் போனாள். யாரைத் திட்டுவது? கம்பெனியைக் கேட்டால் அரசாங்கத்தைக் காட்டும், அரசாங்கத்தைக் கேட்டால் கம்பெனியைக் காட்டும்.

ஒரு வியாழக்கிழமை காலையிலிருந்தே அண்ணனுக்கு மூச்சு இழுத்தது. வாசலையே பார்த்துக்கொண்டு, "வள்ளி வந்துட்டாளா?" என்று கேட்டபடி இருந்தார். அவளுக்கு ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. வேலை நேரத்தில் ஃபோனைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது புதுக் கம்பெனியின் சட்டம். ஆஸ்பத்திரிக்கே அழைத்துச் சொன்னேன். தகவல் சொல்கிறோம் என்றார்கள். மதியத்துக்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. நான்தான் பாலை ஊற்றினேன். இரண்டு மடக்கில் அடங்கிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மடிப்புக் கலையாத புதுச் சட்டையோடு புஷ்பவள்ளி ஓடி வந்தாள். அழவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

"என்னைக் கேட்டாரா?"

"இல்ல வள்ளி. நல்லாத் தூங்கிட்டு இருந்தாரு."

அவள் நம்பவில்லை. என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மிச்சமிருந்த பாலை அவர் வாயில் ஊற்றினாள். அது உள்ளே போகாமல் வழிந்து தலையணையில் இறங்கியது.