வசந்தாவின் வளையலும் ரப்பர்த் தோலும்

முதல் அறிகுறி வலி அல்ல. வலி இல்லாமல் போனதுதான்.

லாலாகுடா ரயில் பட்டறையில் சக்கரத்தின் அச்சுப்பெட்டியைப் புறங்கையால் தொட்டே சூடு சொல்பவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கருவி வைத்து அளந்த ஆபீசர்களும் கடைசியில், "முருகேசன் தொட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அன்று ஓர் அச்சுப்பெட்டியைத் தொட்டு, ஆறிவிட்டது என்றேன். பக்கத்திலிருந்தவன் என் கையைத் தட்டிவிட்டான். புறங்கைத் தோல் பொசுங்கியிருந்தது.

பீடிப் பழக்கத்தால் கையின் ரத்தக் குழாய்கள் அடைத்திருந்தன. புண் ஆறவில்லை, அழுகல் (ரத்தம் போகாமல் சதை செத்துப்போவது) மேலே ஏறியது.

"வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துடணும். பீடியை நீங்களே விட்டுடணும்," என்றார் டாக்டர். இரண்டும் நடந்தன.

அதன்பின் துண்டு இல்லாமல் நான் வெளியே வந்ததில்லை. நுனிக்கையை (வெட்டியபின் எஞ்சிய பகுதி) என் மகள் வசந்தா பார்த்ததே இல்லை. அவள் பக்கத்தில் வந்தாலே இழுத்து மூடுவேன். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையிடம் அவள் கையை நான் வலது கையால்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும். இடது கை எங்களுக்கு ஆகாது.

"என் தம்பி பிடிச்சுக் கொடுக்கட்டுமே," என்றாள் என் மனைவி கமலம்.

"நான் என்ன செத்தா போயிட்டேன்?"

எண்பதுகளின் தொடக்கம் அது. நகரத்து அரசாங்க ஆய்வுக்கூடம் ஒன்றில் மின்கை (மின்சாரத்தில் அசையும் பொய்க்கை) செய்து சோதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று பொருத்தினார்கள். விரல் நுனிகளில் கறுப்பு ரப்பர்த் தோல். அது எதையாவது அழுத்தினால், மேற்கையில் கட்டிய காசு மாதிரியான ஒரு வில்லை அதிரும். பிடி இறுக இறுக அதிர்வும் கூடும். அதுதான் தொடு உணர்வு.

"அதிருதா ஐயா?" என்று கேட்டார் பொறியாளர் அம்மா.

"நல்லாத் தெரியுதும்மா."

தெரியவில்லை. பட்டறையில் சம்மட்டி எந்திரத்தின் பக்கத்திலேயே காலம் தள்ளியவன் நான். அங்கே தரையே அதிரும். அதிர்வைக் கண்டுகொள்ளாமல் இருக்க உடம்பு பழகிவிட்டது. தொட்டுச் சூடு சொன்ன நான், தொட்டதே தெரியவில்லை என்று எப்படிச் சொல்வேன்? கண்ணால் பார்த்துப் பார்த்தே காகிதக் கோப்பையை நசுங்காமல் பிடித்துக் காட்டினேன். கைதட்டினார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வீட்டில் ஒத்திகை. வசந்தாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் சிரித்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை.

கண்ணாடி வளையல்கள் நொறுங்கிய சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது.

"ஐயோ, விடுங்க!" என்று கத்தினாள் கமலம். விரல்களை எப்படித் திறப்பது என்பதே ஒரு கணம் மறந்துபோயிற்று. ரப்பர்த் தோலில் என் மகளின் ரத்தம்.

வசந்தா அழவில்லை. "அதிருதுன்னு சொன்னீங்களே நைனா?"

"சொன்னேன்."

"தெரியலையா?"

அவளே மின்கையின் வார்களை அவிழ்த்தாள். "நாளைக்கு இது நக்கோ, வேண்டவே வேண்டாம். உங்க கையாலேயே கொடுங்க."

"அது கையா?"

"வலது பக்கம்தானே இருக்கு!"

மறுநாள் மண்டபத்தில் துண்டை அவளே விலக்கினாள். சம்பந்தி வீட்டில் சிலர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு உடம்பே கூசியது. கட்டுப்போட்ட அவள் கையின்கீழ் நுனிக்கையைக் கொடுத்துத் தாங்கினேன். அவள் உள்ளங்கை வியர்த்திருந்தது. எப்போதோ சூடு தெரியாமல் போன எனக்கு, அந்தச் சூடு தெரிந்தது.

பிறகு பொறியாளர் அம்மாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. வில்லையை எடுத்துவிட்டு, மேற்கையை மெல்ல அழுத்தும் திண்டு ஒன்றை வைத்தார். அது எனக்குத் தெரிகிறது. மின்கை பொருத்திக்கொள்ளப் போகிறவர்களே, தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

முன்பெல்லாம் தொட்ட நொடியே சொல்லிவிடுவேன். இப்போது தொட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். உடம்பு மெதுவாகத்தான் சொல்கிறது. வசந்தா வீட்டுக்கு வந்தால் என் கண் முதலில் அவள் மணிக்கட்டுத் தழும்புக்குத்தான் போகிறது. இடது கை தானாகத் துண்டைத் தேடுகிறது. அவள் பக்கத்தில் வந்து உட்காரும்வரை நுனிக்கையை மூடாமல் இருக்கப் பார்க்கிறேன்.