வெள்ளிக்கிழமை கொடுக்காத மிதவை

சாவகச்சேரிப் பக்கம் ஒருவரிடம் மொரிஸ் மைனர் காரின் பெற்றோல் மிதவை இருக்கிறதாம். பருத்தித்துறை மீன் சந்தையில் ஆரோ கதைத்ததைக் கேட்டுவந்து, மார்கிரட் மாமியிடம் பக்கத்து வீட்டு உதயகலா சொன்னா. ஆளின் பெயர் சண்முகநாதன், பழைய காருக்குள் கோழி வளர்க்கிறார், அவ்வளவுதான் விவரம்.

"அவ்வளவு காணும்," என்றா மாமி. "காருக்குள்ளை கோழி வளக்கிற சண்முகநாதன் எத்தினை பேர் இருப்பினம்?"

மாமிக்கு அறுபத்தாறு வயது. மிஷன் பள்ளிக்கூடமொன்றில் ரைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவ. இப்போது ஊர்க் கலியாணப் பொம்பிளைகளைத் தன் மொரிஸ் மைனரில் சேர்ச்சில் கொண்டுபோய் இறக்குவதுதான் அவவின் சந்தோஷம். முன் ஆசனத்தில் ஒருவரையும் ஏற விடமாட்டா.

டாங்கிக்குள் மிதந்து, பெற்றோல் எவ்வளவென்று மானி முள்ளுக்குச் சொல்லும் பித்தளைக் குண்டு எப்போதோ ஓட்டையாகி அடியில் தாண்டுவிட்டது. மாமி டாங்கிக்குள் தென்னை ஈர்க்கை விட்டு அளந்துதான் ஓடுவா. போன மாதம் அளக்க மறந்துபோனா. வல்லை வெளியில் கார் நின்றது. பொம்பிளை வெள்ளைச் சீலையைச் சுருட்டிப் பிடித்தபடி ஓட்டோவில் போய்ச் சேர்ந்தா.

அந்தச் சனிக்கிழமை அனுஜாவின் கலியாணம். அவளைப் பிறந்த கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இதே கார்தான். ஆனால் தாய் நிமலினி கறாராகச் சொல்லிவிட்டா: "முள்ளு அசைஞ்சால் சொல்லுங்கோ அக்கா. வெள்ளி ஆறு மணிக்குள்ளை சொல்லாட்டி நான் வேறை கார் பிடிக்கிறன்."

கராஜில் மிதவைக்குப் பதிலாக ரெஜிபோம் நுரைக்கட்டியைச் செதுக்கிப் பூட்டிப் பார்த்தார்கள். பெற்றோல் அதைக் கரைத்துக் குடித்துவிட்டது.

ஆகவே வெள்ளி மத்தியானம் புறப்பட்டோம். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நான் பின் ஆசனத்தில். வழியில் இரண்டு தரம் இறங்கி ஈர்க்கை விட்டுப் பார்த்தேன்.

"பெற்றோல் ஓடிப்போகாது, பிள்ளை. பேசாமல் ஏறு," என்றா மாமி.

சந்தையடியில் விசாரித்ததும் வீடு கிடைத்தது. கல்லடுக்கில் ஏற்றிவைத்த மொரிஸ் மைனருக்குள் மூன்று பேட்டுக் கோழிகள் அடைகிடந்தன. சண்முகநாதன் அவற்றைக் குழப்பாமல் டிக்கிக்குள் புகுந்து மிதவையைக் கழற்றினார். வாளித் தண்ணீரில் போட்டார். மிதந்தது. மாமி கையை நீட்டினா. அவர் அதைத் துடைத்துத் தன் சேட்டுப் பைக்குள் வைத்தார்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை, ரீச்சர். வீட்டுச் சாமான் வெளியிலை குடுக்கிறேல்லை. நாளைக்கு விடிய வாங்கோ."

"நான் ரீச்சர் இல்லை. நாளைக்கு விடிய பொம்பிளை என்ரை காருக்குள்ளை இருக்கவேணும்."

"அதுக்கு நான் என்ன செய்ய? வெள்ளிக்கிழமையை நானே வைச்சனான்?"

குசினிக்குள்ளிருந்து அவர் மனைவி பூரணத்தின் குரல் வந்தது: "குடுக்கத்தானே கூடாது. நீங்கள் கொண்டு போகலாம்தானே? போய்ப் பூட்டிப்போட்டு வாங்கோ. எனக்கும் கொஞ்ச நேரம் நிம்மதி."

சண்முகநாதன் யோசித்தார். பிறகு குறடும் திருகாணிச் சாவியும் எடுத்துக்கொண்டு வந்து முன் ஆசனத்தில் ஏறினார். மாமி தன் கைப்பையை அங்கிருந்து எடுத்துப் பின்னால் என்னிடம் தந்தா.

"இது இப்பவும் என்ரை வீட்டுச் சாமான்தான்," என்றார் வழியில், பையைத் தட்டி. "என்னோடை ஊர் பாக்க வருது."

"அப்ப விடியுமட்டும் என்ரை டாங்கிக்குள்ளை விருந்தாளியா இருக்கட்டும்."

"ஓம். பெற்றோலைக் குறைக்காமல் குடுங்கோ."

உடுவிலில் மாமி வீட்டுக்கு வந்து, பழையதைக் கழற்றி, தன்னுடையதைப் பூட்டி, கசியாமலிருக்க ஓரமெல்லாம் சவர்க்காரம் அப்பினார். மாமி சாவியைத் திருப்பினா. முள்ளு நித்திரை முறித்தது போல் மெல்ல எழும்பி அரைவாசியில் நின்றது. மாமி நம்பவில்லை, ஈர்க்கை விட்டுப் பார்த்தா. அதுவும் அரைவாசிதான்.

"நிமலினிக்கு ரெலிபோன் அடி, பிள்ளை. கெதியா."

அடித்தேன். மணி போனது; எடுக்கவில்லை.

"கலியாண வீட்டு இரைச்சலிலை கேட்டிருக்காது," என்றார் சண்முகநாதன்.

வேறு கார்க்காரனோடு கதைத்துக்கொண்டு நிற்கிறாவோ என்று நினைத்தபடி மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"சாவியை நிப்பாட்டுங்கோ, பற்றறி இறங்கும்," என்றார் சண்முகநாதன்.

"இறங்கட்டும்," என்றா மாமி, முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னொருக்கா அடி."

ஆறு மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது. ரெலிபோன் மணி போய்க்கொண்டே இருந்தது.