மைனஸ் வந்தால் சைபர்

அரிசி விலை குறையப்போகிறதாம் என்று கணவர் பீற்றர் பேப்பரைப் பார்த்துச் சொன்னால், "முப்பது வீதம் நம்புறன்" என்பார் ஐறீன். பின்னேரம் மழை என்றாலும் முப்பது வீதம்தான். கொட்டாஞ்சேனையில் நாலாம் மாடி வீட்டில், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வார்.

தொழிலால் பிடித்த பழக்கம் இது. உருளும் இரண்டு இரும்புகளுக்கு நடுவே உள்ள எண்ணெய்ப் படலம் எவ்வளவு அழுத்தம் தாங்கும், எங்கே உராயும் என்று கணக்கிட்டு வெளிநாட்டு பெயாரிங் கம்பனிகளுக்கு அனுப்புகிறார். கணினி ஒரு விடையை ஊகிக்கும், திருத்தும், மறுபடி திருத்தும். புது விடையை அப்படியே விழுங்கினால் கணக்கு தறிகெட்டுப் போகும். பழையதில் எழுபது, புதியதில் முப்பது என்று கலந்தால்தான் ஒரு நிலைக்கு வரும். ஐம்பத்தெட்டு வயதில் ஐறீனும் அப்படியே ஆகிவிட்டார்.

கதவு கிறீச்சிட்டால் பீற்றர் எண்ணெய்ப் போத்தலோடு ஓடி வருவார். "ஊத்தாதேங்கோ! நடுவில கொஞ்சம் இருந்தாக் காணும்" என்று பறித்து, தீக்குச்சி நுனியால் ஒரேயொரு துளி வைப்பார் ஐறீன்.

கணினியில் அவர் கணக்குப் போடும் புறோகிறாம் பழையது. கம்பஸில் சிநேகிதி யதுஷாவும் அவரும் ஒரே கதிரையில் ஆளுக்குப் பாதியாக இருந்து எழுதியது. அந்தக் காலத்துக் கணினியில் ஒரு விடை வருவதற்குள் மத்தியானம் போய்விடும். அதற்குள் ஒரு சோற்றுப் பார்சலை இருவருமாகப் பிரித்துச் சாப்பிடுவார்கள். முள்ளுக்குப் பயந்த யதுஷா மீனை இவர் பக்கம் தள்ளிவிட்டு, பருப்பு முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். அந்த மத்தியானங்களை நினைத்தால் ஐறீனுக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

ஒருநாள் அழுத்தம் மைனஸில் வந்தது. இருவரும் முழித்தார்கள். "எண்ணெய்க்குத் தள்ளத்தான் தெரியும், இழுக்கத் தெரியாதடி. மைனஸ் வந்தா சைபராக்கு" என்று ஒரு வரியைச் சேர்த்தவள் யதுஷா.

பிறகு அவள் லண்டன் போனாள். இருவரும் போட்ட கணக்கு அங்கே ஆய்வுக் கட்டுரையாக வந்தது. அதில் ஐறீனின் பெயர் இல்லை. இருபத்தாறு வருடம் பேச்சே கிடையாது. யதுஷாவின் அந்த வரி மட்டும் புறோகிறாமில் இருந்தது. அதை அழித்தால் கணக்கு ஓடாது.

போன வெள்ளி காலை போனில் ஒரு செய்தி: "யதுஷா. வெள்ளவத்தையில தங்கச்சி வீட்டில நிக்கிறன். நாளைக்கு பிளைட். நான் செய்தது பிழை. உன்னைப் பார்க்க வரட்டா?"

"இது எத்தனை வீதம்?" என்று பீற்றர் கேட்டார். ஐறீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினார். விடுபட்ட பெயர், பதில் வராத கடிதங்கள், அம்மாவின் செத்தவீட்டுக்குக்கூட ஒரு வார்த்தை வராதது. எழுதி முடிய தேத்தண்ணீர் ஆறியிருந்தது. எல்லாம் நடந்தவைதான், ஒன்றும் பொய்யில்லை. அனுப்பினால் யதுஷா வரமாட்டாள், இனி ஒருபோதும் வரமாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும்.

"முழுக்க மைனஸ்" என்று முணுமுணுத்தார்.

பிறகு அழிக்கும் பொத்தானை, கடைசி எழுத்தும் போகும்வரை அழுத்திப் பிடித்தார். வெறுமையான இடத்தில் புதிதாக எழுதி அனுப்பினார்: "லிப்ட் பழுது. நாலாம் மாடி. மெதுவா ஏறி வா. மத்தியானத்துக்கு ஒரு பார்சல்தான் எடுப்பன்."