கதவைச் சாத்திப் பார்ப்பவர்

ஏழாவது தடவையாகக் காரின் கதவைச் சாத்தினார். சாத்தும்போது கண்ணை மூடிக்கொண்டார். காதைக் கண்ணாடியருகே கொண்டுபோய், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கும் டாக்டரைப் போல முகத்தை வைத்துக்கொண்டார். ஷோரூமில் கார் விற்கும் பெண் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றாள்.

“சார், புதுக் கதவு. இப்படியே சாத்தினீங்கன்னா விக்கறதுக்குள்ள பழசாயிடும்.”

“டப்புனு விழணும்மா. இது டொப்புங்குது. உள்ள தகரம் மெல்லிசுனு அர்த்தம்” என்று சொல்லிவிட்டு, எட்டாவது தடவைக்குக் கைப்பிடியைப் பிடித்தார்.

தாழ்ப்பாள் செய்யும் தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். நகர்ந்து வரும் பட்டையிலிருந்து தாழ்ப்பாளை எடுப்பார், அளவுச் சட்டத்தில் வைப்பார், மயிரிழை பிசகினாலும் சிவப்புத் தொட்டியில் எறிவார். இருபத்தாறு வருடமாக இதே வேலை. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ‘ரிஜெக்ட்டு’. முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு பல்லைக் காட்டுவார். இத்தனை வருடத்தில் தன் கையால் ஒரு தாழ்ப்பாள்கூடச் செய்ததில்லை என்பது அவருக்கு ஒரு குறையாகவே பட்டதில்லை.

கார் வாங்க வேண்டி வந்ததற்குக் காரணம் அவர் மனைவி. ஐந்து மாதத்துக்கு முன் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவுக்குத் திரும்பி, ஊன்றுகோலோடு சமையலறை வரை போய் வருகிறாள். கை திரும்பவில்லை. தையல் கடையில் நாளெல்லாம் கத்தரி பிடித்துத் துணி வெட்டிய கை அது. இப்போது யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடியில் கிடக்கிறது. விரல்கள் உள்ளே மடங்கி, நகம் உள்ளங்கையில் பதியாமலிருக்கச் சுருட்டிய கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

பிசியோதெரபி நிலையம் ஊரின் மறுகோடியில். வாரம் மூன்று நாள் வர வேண்டும், முதல் ஆறு மாதத்தில் திரும்புவதுதான் பெரும்பங்கு, அதற்குப் பிறகு ஒவ்வொரு விரலுக்கும் மல்லுக்கட்ட வேண்டும் என்று அங்கே பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள். இவர் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவையும் சொன்னாள். ரிஜெக்ட்டு பொறுப்பாகத் தலையாட்டி நோட்டில் எழுதிக்கொண்டார்.

முதல் மாதம் வாடகைக் காரில் போனார்கள். ஒருநாள் இறங்கும்போது அவளுக்குக் கால் வழுக்கியது. அடி ஒன்றுமில்லை, வளையல் மட்டும் நெளிந்தது. அவர் தெருவிலேயே சபதம் எடுத்தார். “இனிமே கண்டவன் வண்டில ஏறவே வேண்டாம். நம்ம வண்டி வந்துடட்டும். தினமும் கூட்டிட்டுப் போறேன் பாரு.”

அன்றோடு பயிற்சி நின்றது. நாலு மாதம் ஆகிறது.

இந்த நாலு மாதத்தில் நாலு சின்னக் கார்களை அவர் அலசியிருக்கிறார். நிறுவனத்தார் வைத்த பெயர்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. முட்டை, பெட்டி, தவளை, சிவப்பு என்று தானே பெயர் வைத்துக்கொண்டார். நோட்டில் ஒவ்வொன்றுக்கும் நாற்பத்தோரு கட்டம். எந்தத் தெருவில் ஒரே ஒடிப்பில் திரும்பும், பின்பெட்டியில் எத்தனை வாளி கொள்ளும், தண்ணீர் பாட்டில் வைக்கும் குழியின் ஆழம், கண்ணாடித் துடைப்பான் நிமிடத்துக்கு எத்தனை வீச்சு. சாயங்காலம் ஒன்று ஜெயிக்கும். விடிந்தால் அதில் ஒரு சொட்டை கண்டுபிடிப்பார். பதிவு செய்யக் கிளம்பி, பாதி வழியில் திரும்பி வந்தது மூன்று தடவை.

கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து மனைவிக்கு வாசித்துக் காட்டுவார்.

“பெட்டில பின்னாடி இடம் ஜாஸ்தி. ஆனா ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துது.”

“ஆட்டுக்குட்டி பிசியோதெரபிக்குப் போகாதாங்க?”

“கிண்டல் பண்ணாதே. பத்து வருஷம் வெச்சிருக்கப் போற பொருள்.”

“கையும் நான் வெச்சிருக்கப் போற பொருள்தான். எது முன்னாடி வருதோ அதை வாங்குங்க.”

“அவசரப்பட்டா அவஸ்தைப்படுறது யாரு? நீதானே” என்று பக்கத்தைப் புரட்டுவார். அவளுக்காகத்தான் இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று மனதார நம்புகிற மனிதரிடம் என்ன பேச முடியும்?

அந்த நாற்பத்தோரு கட்டத்தில், இருக்கை தரையிலிருந்து எத்தனை உயரம் என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. கால் விழுந்தவரை ஒருநாளாவது தூக்கி உட்கார வைத்தவர் முதலில் கேட்பது அதைத்தான். முழங்காலுக்குக் கீழே தாழ்ந்த இருக்கையில் உட்காருவது சுலபம், விழுந்தால் போதும். எழுந்திருக்கத்தான் ஆள் வேண்டும். ஆனால் மனைவியை எழுப்புவதும் நடத்துவதும் குளிப்பாட்டுவதும் காலையில் வந்து போகும் பெண்ணின் வேலை. அந்த நேரத்தில் இவர் நோட்டோடு இருப்பார்.

புதன்கிழமை காலை முட்டைக் காரைச் சோதித்துப் பார்க்க வீட்டு வாசலுக்கே கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஷோரூம் பெண்ணே ஓட்டி வந்தாள். மனைவி எட்டு மணிக்கே தலைவாரி, செருப்பின் வாரை இடது கையால் இறுக்கி, மருந்துச் சீட்டுகளோடு தயாராக உட்கார்ந்திருந்தாள்.

“இதுலயே போயிட்டு வந்துடலாங்க. பத்தரைக்கு வரச் சொல்லியிருக்காங்க. நானே ஃபோன் பண்ணிக் கேட்டேன்.”

“பாக்கலாம், பாக்கலாம். முதல்ல நீ உக்காரு.”

தான் ஏறுகிற மாதிரியே அவளை ஏற்றினார். தலையை முதலில் உள்ளே விடச் சொன்னார். விழுந்த கால் வெளியே மாட்டிக்கொண்டது. அதைச் செருப்போடு பிடித்து உள்ளே தள்ளினார். அவள் மூட்டை மாதிரி இருக்கைக்குள் போய் விழுந்தாள். ரிஜெக்ட்டு கதவைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். ஒவ்வொரு தடவையும் அவள் உடம்பு அதிர்ந்தது.

“என்னங்க, எந்திரிக்க முடியல. ரொம்பப் பள்ளமா இருக்கு.”

“அப்படியே இரு. ஆள் உள்ள இருந்தா சத்தம் வேற மாதிரி விழுது” என்று காதைக் கண்ணாடியருகே கொண்டுபோனார்.

அப்போதுதான் அவருடைய தங்கையின் வண்டி வந்து நின்றது. நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையில் உதவியாளர் அவள். பதினோரு வருடப் பழைய சின்னக் கார். முன்பக்க பம்பரைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தாள். பயிற்சி நின்ற முதல் வாரமே, அண்ணியை நான் கூட்டிப் போகிறேன் என்று வந்தவளை, “அந்த டப்பால என் பொண்டாட்டி ஏற மாட்டா” என்று திருப்பி அனுப்பியவர் இவர்தான்.

“அண்ணே, அண்ணி என்ன தாழ்ப்பாளா? உள்ள வெச்சு வெச்சு சாத்திப் பாக்கறே?”

“உன்னை யாரு கூப்பிட்டா? இதுல காத்துப்பை ஆறு இருக்கு, தெரியுமா?”

“பை ஆறு இருக்கட்டும். வெளியில வர வழி ஒண்ணாவது இருக்கா?”

“நான்தாங்க நேத்து கூப்பிட்டேன்” என்றாள் உள்ளிருந்து மனைவி. “நீங்க கூட்டிட்டுப் போனா அவ திரும்பிப் போயிடட்டும்னு சொன்னேன்.”

தங்கை கதவை அகலத் திறந்தாள். அண்ணியின் இரண்டு முழங்கால்களையும் சேர்த்து வெளிப்பக்கம் திருப்பினாள். பாதங்களைத் தரையில் பதித்து, விழுந்த முழங்காலுக்குத் தன் முழங்காலை முட்டுக் கொடுத்து, இடுப்பை அணைத்துப் பிடித்தாள். “மூக்கை முன்னாடி கொண்டா அண்ணி. இன்னும். ம், இப்ப எந்திரி.” இரண்டாவது முயற்சியில் அண்ணி எழுந்து நின்றாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

“எங்க ஆஸ்பத்திரில வர்ற உருப்படிகளுக்கு அண்ணி எவ்வளவோ தேவல. கடிக்கல.”

“இன்னும் அரைமணி உள்ள வெச்சிருந்தார்னா கடிச்சிருப்பேன்.”

பழைய வண்டியின் இருக்கை சாப்பாட்டு மேசை நாற்காலியின் உயரம் இருந்தது. மனைவி அதற்கு முதுகைக் காட்டி நின்றாள். கெண்டைக்காலில் விளிம்பு பட்டதும் இடது கையை ஊன்றி உட்கார்ந்தாள். தங்கை கால்களைச் சேர்த்து உள்ளே திருப்பி வைத்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த ஷோரூம் பெண் மெதுவாகக் கேட்டாள். “சார், சீட்டு உயரம் நீங்க பாக்கலையா?”

ரிஜெக்ட்டு நோட்டைப் புரட்டினார். நாற்பத்தோரு கட்டத்தையும் விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு ஓரத்து வெள்ளையில் புதிதாக ஒரு கோடு கிழித்து, “சீட்டு உயரம்” என்று தலைப்பு எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். இனி நாலு ஷோரூமுக்கும் முதலிலிருந்து போயாக வேண்டும். முகத்தில் ஒரு தெம்பு வந்துவிட்டது.

“அடுத்த வாரத்துக்குள்ள முடிச்சிடலாம்” என்றார் மனைவியிடம்.

“பத்தரைக்குள்ள போயாகணும்” என்றாள் மனைவி, நாத்தனாரிடம்.

தங்கை அண்ணியின் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு, சுற்றிப்போய் ஓட்டும் இடத்தில் ஏறினாள். அண்ணி பக்கத்துக் கதவு லொடக்கென்றுதான் விழுந்திருந்தது. ரிஜெக்ட்டின் முகம் பல்வலி வந்தவரைப் போல் சுருங்கியது.

“இரு, இரு! அது சரியா விழல. நான் இன்னொரு தடவ சாத்திப் பாத்துக்கறேன்” என்று ஓடி வந்து கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினார்.

மனைவி அவரைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த வலது கையை நேராக எடுத்து வைத்துக்கொண்டு, இடது கையின் கட்டைவிரலால் கதவு விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த பூட்டுக் குமிழைக் கீழே அழுத்தினாள்.