தொழுகை அறையில் ஒரு சேர்வர்

மூன்று கணினிகளையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிவிடலாம் என்று சொன்ன வாய் என்னுடையதுதான். அதனால் அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டுக்கு வேறு யாரையும் திட்ட வழியில்லை.

மாத்தளை டவுனுக்குச் சற்று வெளியே இருக்கும் மிளகு, கராம்பு மில் ஒன்றில் கணினி வேலைகளைப் பார்க்கிறேன். வீடு ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில். மில்லில் ஒரு கணினி தராசோடு பேசும். இன்னொன்றில் எந்த மூடை யாருடைய தோட்டத்திலிருந்து வந்தது என்ற விவரம் இருக்கும். அது இல்லாமல் வாங்குகிற வெளிநாட்டுக்காரன் ஒரு மூடையைக்கூடத் தொடமாட்டான். மூன்றாவது, ஆட்களின் வரவைப் பதியும். மூன்றும் கிழடு. ஒன்றுக்குச் சுகமானால் மற்றது படுத்துவிடும். ஒரு சேர்வர் வாங்கினால் வெளியே பார்க்க ஒரு பெட்டி, உள்ளே மூன்று கணினிகள் தனித்தனியாக இருப்பதுபோல ஓடும் என்று முதலாளியிடம் விளக்கினேன். எல்லாவற்றையும் இணையத்தில் எங்கோ தூரத்தில் வைத்துக்கொள்ளும் யோசனையை முதலிலேயே தள்ளிவிட்டேன். ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் மழை இருட்டினால் எங்கள் இணையமும் இருட்டிவிடும்.

முதலாளி ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். எல்லோருக்கும் அவர் ஹாஜியார். முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்களே பாத்து எடுங்க மகள். நான் வேற யார்ட்டயும் கேக்கமாட்டேன்" என்றார். அவர் அதை மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் பொறுப்பு முழுக்க என் தலையில். மூன்று கிழட்டுக் கணினிகள் இருந்தபோது ஒன்று நின்றால் மற்ற இரண்டும் ஓடும். இனிமேல் நின்றால் எல்லாம் நிற்கும். கராம்பு குவியும் காலத்தில் மில்லையே நிறுத்தியவள் என்ற பெயரோடு ரத்தோட்டை பஸ்ஸில் வீடு போகவேண்டியதுதான்.

கொழும்பில் ஒரு வியாபாரி இருந்தார். வெளிநாட்டுக் கம்பனிகள் கழித்துவிட்ட சேர்வர்களைக் கொண்டுவந்து விற்பவர். அவர் காட்டியது ரெக் என்ற இரும்புத் தாங்கியில் தட்டையாகச் செருகும் பெரிய சேர்வர். இரண்டு புரோசஸர், எண்ணிப்பார்க்க முடியாத மெமரி, ஒன்று போனால் மற்றது தாங்கும் இரண்டு பவர் சப்ளை. அதே விலைக்குப் புதிதாக இன்னொன்றும் கிடைத்தது. நிமிர்த்தி வைக்கும் சின்னப் பெட்டி. ஒரே புரோசஸர், தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் மெமரி, ஒரே விவரத்தை இரண்டிலும் எழுதிக்கொள்ளும் இரண்டு டிஸ்க். பார்க்க வீட்டுக் கணினி மாதிரித்தான் இருக்கும்.

எங்கள் கணக்காளர் அக்கா இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு, பெரியதைக் காட்டி, "இதப் பாத்தாதான் சேர்வர் மாதிரி இருக்கு. அது புள்ளைங்க கேம் விளையாடுறது" என்றார். நான் சிரித்து வைத்தேன். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று கணினிகளும் நாள் முழுக்க எவ்வளவு மெமரி தின்கின்றன, புரோசஸர் எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறது என்று பார்த்துப் பார்த்து வைத்திருந்தேன். சின்னதே போதும், அதிலும் மிச்சம் இருக்கும். இருந்தாலும் பஸ்ஸில் ஏறியதும் பயம் வந்துவிடும். சின்னதை எடுத்து அது திணறினால் கஞ்சத்தனம் என்பார்கள். பெரியதை எடுத்து அது செத்தால் குப்பையை வாங்கினாள் என்பார்கள்.

பெரியதையே எடுத்துவிடலாம் என்று மனது சாய்ந்திருந்தபோதுதான் தராசுக் கணினி மறுபடியும் படுத்தது. மூடியைக் கழற்றினேன். காற்றாடியில் மிளகுத் தூசியும் கராம்பு எண்ணெயும் கலந்து கறுப்புக் களியாக அப்பியிருந்தது. அதை எத்தனையோ தடவை சுரண்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் மூளை வேலை செய்தது. நான் எதை வாங்கினாலும் அது இந்தத் தூசியைத்தான் மூச்சாக இழுக்கப்போகிறது. இரண்டு புரோசஸரும் இரண்டு பவர் சப்ளையும் இருந்து என்ன, எல்லாம் தும்மித் தும்மிச் சாகும்.

ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு அறை அறையாகத் துடைத்துப் பார்த்தேன். ஸ்டோரில் கறுப்பு. ஆபீசிலும் பழுப்பு, ஏனென்றால் எல்லோரும் தூசி மிதித்த செருப்போடுதான் அங்கே வருகிறோம். முதலாளியின் அறையும் அப்படித்தான். மில் முழுக்க ஒரே ஒரு அறையில்தான் துணி வெள்ளையாகவே வந்தது. அது தொழுகை அறை. அங்கே யாரும் செருப்போடு போவதில்லை, கால் கழுவாமல் போவதில்லை, காலையும் மாலையும் தரையைத் துடைப்பார்கள். பின்சுவரில் அலமாரி போல ஒரு பள்ளமும் இருந்தது, பக்கத்திலேயே பிளக்கும் இருந்தது.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். எப்படிக் கேட்பது? கோயிலுக்குப் போகிற தோட்டத்துப் பிள்ளை நான். அவர்கள் தொழுகிற இடத்தில் என் பெட்டியை வைக்கட்டுமா என்று கேட்டால் என்ன நினைப்பார்கள்? சில நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் கேட்டபோது, தேவையில்லாமல் இரண்டு தடவை மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

முதலாளி என் துணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அது சத்தம் போடுமா என்று மட்டும் கேட்டார்.

மெமரி பார்த்தேன், டிஸ்க் பார்த்தேன், சத்தத்தைப் பார்க்கவேயில்லை. கொழும்புக்காரரை அழைத்து, பெரிய சேர்வரை ஓடவிட்டு அதன் பக்கத்தில் போனைப் பிடிக்கச் சொன்னேன். எங்கள் அரைக்கிற மெஷினைப் போட்டது மாதிரி இரைந்தது. கணக்காளர் அக்காவே காதைப் பொத்திக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சின்னப் பெட்டியை எடுத்தோம். கொழும்புக்காரர் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பள்ளத்தை முதலாளியே துடைத்துக் கொடுத்தார். பெட்டியை வைத்து, மூன்று கணினிகளையும் அதற்குள் ஏற்றி ஓடவிட்டேன். காதை வைத்துக் கேட்டால்தான் உயிர் இருப்பது தெரியும். ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார். தொழுகைக்கு ஒரு நாள் இடைஞ்சலாக இருந்தாலும் பெட்டி ஆபீசுக்குப் போய்விடும். அதில் ஒரு நியாயமும் இல்லை என்று சொல்லமுடியுமா? ஆபீசுக்குப் போனால் தூசியில் அதன் கதி என்னவென்று எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பகல் தொழுகைக்கும், ஏதோ வேலை இருப்பதுபோல அந்த வாசல் பக்கம் நிற்பேன். காற்றாடி கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் காதைத் தீட்டிக்கொள்வேன்.

இடைஞ்சல் பெட்டியால் வரவில்லை. ஒரு மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆட்கள் தொழுகையில் நின்றிருந்தார்கள். கரண்ட் போனது. பெட்டிக்குப் பக்கத்தில், கரண்ட் போனால் தாங்கட்டும் என்று நான் வைத்திருந்த யூபிஎஸ் பெட்டரி கூவத் தொடங்கியது. விட்டு விட்டு, கூரிய சத்தமாக, அந்த அமைதியான அறையில். சேர்வரைச் சத்தம் பார்த்துப் பார்த்து எடுத்த புத்திசாலி, யூபிஎஸ்ஸை டவுன் கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருந்தேன். கரண்ட் போவதை இங்கே எல்லோரும் மழை பெய்வது போலத்தான் எடுத்துக்கொள்வோம். அப்போது யூபிஎஸ்ஸும் சத்தம் போடும் என்று நினைக்கவேயில்லை.

ஒரு பொத்தானை அழுத்தினால் நின்றுவிடும். அது எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் தொழுதுகொண்டிருக்கும்போது நான் உள்ளே போகலாமா என்பது தெரியாது. வாசற்படியில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றேன். முதலாளியின் முதுகு மட்டும் தெரிந்தது. குனிந்தார், நிமிர்ந்தார், சுஜூதில் தரையில் தலை வைத்தார். யூபிஎஸ் நிறுத்தாமல் கூவியது. போச்சு, இதோடு போச்சு என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெனரேட்டர் வந்த பிறகுதான் சத்தம் நின்றது.

தொழுகை முடிந்து முதலாளி நேரே என்னிடம் வந்தார்.

"மெஷின் சாகப் போவுதா?"

"இல்ல ஹாஜியார். கரண்ட் போனதச் சொல்லுது, அவ்வளவுதாங்க. மெஷினுக்கு ஒண்ணும் ஆகல."

"அது உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "ஒரு சாமான் நாசமாப் போற நேரம் தொழுகைய முறிக்கலாம்னு மார்க்கத்தில ஈக்கு. முறிச்சிட்டு ஓடுவமான்னு நெனச்சேன். நீங்க வாசல்ல நிக்கிறது தெரியும். நீங்க உள்ள வருவீங்கன்னுதான் முறிக்கல்ல."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, பெட்டி அங்கேயே இருக்கட்டும், அடுத்த தடவை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவேண்டும் என்று சொல்லிவிட்டு மழையைப் பார்த்தபடி ஆபீசுக்குப் போனார்.

கால் கழுவிக்கொண்டு உள்ளே போய், யூபிஎஸ்ஸின் சத்தத்தை நிரந்தரமாக அணைத்தேன். பெட்டியைத் தூக்கி எறிந்துவிடுவார் என்று பயந்து நான் வாசலில் நின்றிருந்த நேரம் முழுக்க, அவர் உள்ளே நான் வருவேன் என்று நம்பிக்கொண்டு நின்றிருக்கிறார்.