இரண்டையும் விடமாட்டேன் என்று ஆத்தாளிடம் சொன்னேன்

போன ஐப்பசியில் என் நான்கு வருடப் படிப்பு ஒரே நாளில் மண்ணாகப் போக இருந்தது.

போடியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுத்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் படித்துவந்தேன். என் ஆராய்ச்சி போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில், முப்பது செடிகளில். காய் எடுக்கும் நாளில் நானே நின்று பறித்து எடை போட வேண்டும். வராவிட்டால் ஆட்கள் மற்றதோடு சேர்த்துப் பறித்துச் சாக்கில் போட்டுவிடுவார்கள். ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்த எடுப்புதான் என் ஆராய்ச்சிக்குக் கடைசி. அந்த எடை இல்லாமல் ஆய்வேடு இல்லை, பதிவுக் காலமும் முடியப்போகிறது.

அதே வெள்ளிக்கிழமை எனக்குத் தேர்வுக் கண்காணிப்பு போட்டார்கள். என் முறையே இல்லை, வேறொருவருக்குப் பதிலாக. துறைத் தலைவரிடம் கெஞ்சினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வேலையா படிப்பான்னு முடிவு பண்ணும்மா. ஒண்ண விட்ரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளி காலை மாரியம்மன் சன்னதியில் போய் நின்றேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம்.

"ஆத்தா, நான் ரெண்டையும் விடமாட்டேன். நீ என்ன செய்வியோ செய்யி."

விபூதிகூட வாங்காமல் தேர்வு அறைக்குப் போனேன். மூன்று மணி நேரமும் என் செடிகள் மொட்டையாவதே கண்ணுக்குள் ஓடியது.

மறுநாள் ஆட்கள் ஏறும் முதல் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். தோட்டம் முழுக்கப் பறித்திருந்தது. என் முப்பது செடியிலும் காய் அப்படியே இருந்தது. காய் எடுக்கும் பாண்டியம்மா அக்காவிடம் காரணம் கேட்டேன்.

"மஞ்சத்துணி கட்டியிருந்துச்சே தாயி. ஆத்தாளுக்கு நேந்துவிட்ட செடியில எவ கைய வைப்பா?"

நான் எங்கே நேர்ந்துவிட்டேன்! பெயர் அட்டைகள் மழையில் உதிர்ந்ததால், அடையாளத்துக்கு வீட்டிலிருந்த துணியைக் கிழித்துக் கட்டியிருந்தேன், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னதும் அக்கா என்னைக் கிறுக்கி என்று சிரித்துவிட்டு, கூடவே நின்று பறித்துக் கொடுத்தார்.

அவர்கள் தப்பாக நினைத்ததற்கு ஆத்தா என்ன செய்வாள் என்று துறையில் கேலி பேசினார்கள். பேசட்டும். அப்படி நினைக்க வைத்தது யார்?

ஒரு நாள் தாமதத்தை மறைக்காமல் எழுதி, சித்திரையில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். ஒரு வகுப்பையும் விடவில்லை. முன்பு யார் எதைத் தள்ளினாலும் தலையாட்டுவேன். இப்போது என் முறை இல்லாத கண்காணிப்பு வந்தால் அந்த உத்தரவுத் தாளைத் திருப்பித் துறைத் தலைவர் மேசையிலேயே வைத்துவிடுகிறேன். தோட்டக்காரரிடம் கேட்டு, எடை போட்ட அந்தக் காயிலேயே மாலை கட்டி ஆத்தாளுக்குச் சாத்தினேன். நேராத நேர்ச்சையை அப்படி உண்மையாக்கினேன்.

உங்களையும் யாராவது ஒன்றை விடச் சொன்னால் மூலையில் உட்கார்ந்து அழாதீர்கள். அவள் முன்னால் போய் நின்று நேராகக் கேளுங்கள். கேட்ட கையோடு உங்கள் சோலியைப் பார்க்கப் போங்கள். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.